விதர்டன் கேஜும் ஓர் உருண்டைப் புளியும்

மொன்றியலின் லாசால் பகுதியில் பத்திநாதரின் கடையில் ரெலிபோன் மணி அடித்தால் அவர் உடனே எடுக்க மாட்டார். ஒரு மூச்சு வாங்கி, இப்போது கொம்பனிக்கு என்ன பெயர் என்று யோசித்துவிட்டுத்தான் எடுப்பார். வாய் தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால் அந்தப் பக்கத்தில் இருப்பவர், "அது மூடிப்போய்விட்டது என்றல்லவா கேள்விப்பட்டோம்?" என்பார். அதற்குப் பிறகு நீண்ட விளக்கம். விளக்கி முடிக்கும்போது அந்தாள் எதற்குக் கூப்பிட்டேன் என்பதை மறந்திருப்பார்.

பத்திநாதரில் பிழை இல்லை. பிழையெல்லாம் இங்கிலாந்தில்.

அங்கே 1882இல், வடக்கே ஒரு பருத்தி ஆலை நகரத்தில், ஜோசையா விதர்டன் என்று ஒருவர் கடை திறந்தார். அந்தக் காலத்தில் கொதிகலன்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். உள்ளே ஆவி எவ்வளவு முட்டி நிற்கிறது என்று முன்கூட்டியே முள் காட்டினால் ஆள் தப்பி ஓடலாம் அல்லவா? அந்த முள் உள்ள வட்டப் பித்தளைப் பெட்டிக்குத்தான் கேஜ் என்று பெயர். விதர்டன் கேஜ் கப்பலில் ஏறியது, ரயிலில் ஏறியது, இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலைச் சுவர்களிலும் ஏறியது. ஜோசையா கண் மூட, மகன்மார் வந்தார்கள். கொம்பனி 'விதர்டன் அன்ட் சன்ஸ்' ஆனது. மகன்மாருக்குப் பிறகு பேரன்மார். அவர்கள் கோல்ஃப் விளையாடப் போனார்கள். விளையாடப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் சைக்கிள் ரயர் செய்யும் கொம்பனி ஒன்று தொழிற்சாலையை வாங்கி 'விதர்டன் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்று போர்டு மாற்றியது. ரயர்காரன் பிஸ்கட்காரனுக்கு விற்றான். பிஸ்கட்காரன் அமெரிக்கனுக்கு விற்றான். அவன் 'விதர்டெக்' ஆக்கினான். அமெரிக்கன் ஒல்லாந்தனுக்கு. அவன் 'டபிள்யூ-சென்ஸ்' ஆக்கினான். போன வருடம் லண்டனில் ஒரு முதலீட்டுக் கூட்டம் அதை வாங்கி 'ஒம்வெரா' என்று பெயர் வைத்திருக்கிறது. அது எந்தப் பாஷையில் என்ன கருத்து என்று பத்திநாதர் கேட்டதற்கு, எந்தப் பாஷையிலும் கருத்து வராத பெயராகத் தேடித்தான் வைத்தோம் என்று பெருமையாகப் பதில் வந்தது.

இத்தனை கூத்துக்கும் நடுவில் கியூபெக் மாகாணத்துக்கு ஒரே முகவர் பத்திநாதர்தான். சலவைத் தொழிற்சாலைக்காரர், பால் கொம்பனிக்காரர், பியர் காய்ச்சுகிறவர்கள், மார்ச் மாதம் பிறந்தால் மேப்பிள் மரச் சாற்றைப் பாணியாகக் காய்ச்சும் தோட்டக்காரர், எல்லாருக்கும் கேஜும் வெப்பமானியும் அவர் கடையில்தான். கொம்பனி பெயர் மாறும்போதெல்லாம் கடைக்கு முன்னால் போர்டு மாற்ற வேண்டும். பிரெஞ்சு பெரிதாக, மற்றது சிறிதாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊர்ச் சட்டம். 'ஒம்வெரா'வை எப்படிப் பிரெஞ்சில் பெரிதாக எழுதுவது என்று போர்டு எழுதுகிறவனும் அவரும் அரை நாள் சண்டை பிடித்தார்கள்.

பத்திநாதர் யாழ்ப்பாணத்துப் பெரியகடைச் சந்தைப் பகுதியில் வளர்ந்தவர். தகப்பன் அங்கே இரும்புக்கடை வைத்திருந்தார். பூட்டு, லாம்பு, குடை. மகனுக்கு அவர் சொல்லிக் கொடுத்த தொழில் ஒன்றே ஒன்று: நல்ல சாமானைக் கண்டால் முகத்தைச் சுளி. பிடித்துப்போனது என்று கண்ணில் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும். பத்திநாதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட றோஸ்மேரியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபடிதான் இருந்தாராம். அதை றோஸ்மேரி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதைப் பத்திநாதர் வெளியில் ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒம்வெராவிலிருந்து வரும் பெட்டிகளின் மேல் 'இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்டது' என்று தடித்த எழுத்தில் இருக்கும். பெட்டியைத் திறந்தால் கேஜ் உடையாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கி அடைத்திருப்பது தமிழ்ப் பத்திரிகை. கோயம்புத்தூர் நகைக்கடை விளம்பரம், கல்யாண மண்டபம், கண்ணீர் அஞ்சலி. பத்திநாதர் சாமானை எடுத்து அடுக்குவார். றோஸ்மேரி காகிதங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தடவி நிமிர்த்தித் தேத்தண்ணியோடு வாசிப்பாள்.

"இஞ்சாருங்கோ, பொள்ளாச்சியில ஒரு மனிசன் செத்துப்போச்சுது. நல்ல முகம். ஆறு பிள்ளையளாம்."

"உனக்கு அந்தாளைத் தெரியுமோ?"

"தெரியாட்டில் பரிதாபப்படக் கூடாதோ?"

ஒருமுறை பத்திரிகைகளுக்கு நடுவில், கேஜ்களை உண்மையில் செய்து அனுப்பும் கோயம்புத்தூர்த் தொழிற்சாலையின் கிழிந்த உறை ஒன்றும் வந்தது, ரெலிபோன் நம்பரோடு. பத்திநாதர் அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார். வாங்குகிறவன் கேட்காதவரை, சாமான் எங்கே பிறந்தது என்று விற்கிறவன் ஏன் சொல்ல வேண்டும்?

2007ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் பெயர் பெட்லி. தேன் தடவிய குரல்.

"கொம்பனிக்கு நூற்றிருபத்தைந்து வயது. கொண்டாடப் போகிறோம். வரலாற்றுப் புத்தகம் ஒன்று போடுகிறோம். உங்கள் பக்கத்தில் எங்கள் ஆதிகாலக் கருவி ஏதாவது கிடைக்குமா? எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது."

"தேடிப் பார்க்கலாம்."

"அதோடு இன்னொன்று. முகவர்களின் தொகையைக் குறைக்கிறோம். கனடா முழுவதையும் ரொறன்ரோவிலிருந்தே பார்க்கலாமா, கியூபெக்குக்குத் தனியாக ஆள் வேண்டுமா என்று நான் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வேன்."

பத்திநாதர் ரெலிபோனை வைத்துவிட்டு நாற்காலியில் இருந்தார். ரொறன்ரோவா! மேப்பிள் தோட்டக்காரன் விடியக் கூப்பிட்டுப் பிரெஞ்சில் பத்து வசனம் திட்டிவிட்டுத்தான் என்ன வேண்டும் என்றே சொல்வான். அதை ரொறன்ரோக்காரன் எப்படிக் கேட்பான்? ஆனால் இதை லண்டனுக்கு யார் விளங்கப்படுத்துவது? முகவர் வேலை போனால் கடையில் மிஞ்சுவது அலுமாரியும் நாற்காலியும்தான். அறுபதை நெருங்கும் வயதில் வேறு எந்தத் தொழிலுக்குப் போவது? ஆகவே, பெட்லியின் மனம் குளிரும்படி ஒரு கிழட்டுக் கேஜைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தார்.

நகரின் இன்னொரு பக்கம், கோட்-டெ-நெய்ஜில், ஒரு பழைய சலவைத் தொழிற்சாலையை இடித்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பழைய வாடிக்கை. போய்ப் பார்த்தால் நிலவறைச் சுவரில், கரி பிடித்து, ஒரு கேஜ் தொங்கிக்கொண்டிருக்கிறது. கறுப்பு அரக்குப் பூச்சில் தங்க எழுத்து: 'ஜே. விதர்டன், 1882'. கொம்பனி பிறந்த அதே வருடம்! பத்திநாதரின் நெஞ்சு மேளம் அடித்தது. முகம் மட்டும் வேப்பெண்ணெய் குடித்ததுபோல ஆனது. இடிக்கிற கொந்தராத்துக்காரனிடம் போய்ச் செப்புக் குழாய்களுக்குப் பேரம் தொடங்கினார். குழாய் ஓட்டை, வளைவு, பாசி என்று குறை சொன்னார். அவன் கொதித்தான். இவர் போவதுபோலத் திரும்பினார். அவன் கூப்பிட்டான். கடைசியில் குழாய்களைக் கட்டி வாகனத்தில் ஏற்றும்போது, "அந்தக் கறுத்த சட்டியையும் போட்டுவிடு, பாரத்துக்கு" என்றார். அவன் பாராமலே எறிந்தான். அது தரையில் விழாமல் பத்திநாதர் பாய்ந்து பிடித்த விதத்தைப் பார்த்துத்தான் அவனுக்குச் சந்தேகமே வந்தது. அதற்குள் வாகனம் புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு துவாயில் சுற்றிக் குசினி மேசையில் வைத்துவிட்டு, "றோஸ், உது கவனம். வெள்ளைக்காரனுக்குக் காட்டுற சாமான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

இனித்தான் கூத்து. அந்தோனியார் திருநாளுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. திருநாளுக்கு முதல் கோயிலின் பித்தளை மெழுகுதிரிக் கால்களைப் பங்குப் பெண்கள் பிரித்து எடுத்துப்போய் வீட்டில் மினுக்கிக் கொண்டுவருவது வழக்கம். மொன்றியல் கடைகளில் அதற்கென்று போத்தலில் மருந்து விற்கிறார்கள். ஆனால் மானிப்பாயிலும் மன்னாரிலும் பிறந்த பெண்களுக்குப் பித்தளை என்றால் புளிதான். அந்த முறை றோஸ்மேரியின் பங்குக்கு ஐந்தாறு கால்கள் அதே மேசைக்கு வந்து சேர்ந்தன.

மறுநாள் பத்திநாதர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது மேசை கண்ணைக் குத்தியது. மெழுகுதிரிக் கால்கள் வரிசையாக மினுங்கின. வரிசைக் கடைசியில், எல்லாவற்றையும் விட அதிகமாக மினுங்கிக்கொண்டு, அவருடைய கேஜ்.

"இதென்ன?"

"உங்கட சாமான்தான். அடையாளம் தெரியேல்ல என்ன?" றோஸ்மேரியின் முகத்திலும் அதே மினுக்கம். "புளியும் உப்பும் போட்டுத் தும்பால உரஞ்சினனான். என்ன கறுப்பு அப்பா! கை நோ எடுத்திட்டுது."

"அந்தக் கறுப்பு... அந்த எழுத்து... எங்கை எழுத்து?"

"அது பழைய பெயின்ற். உரிஞ்சு உரிஞ்சு வந்தது. மிச்சத்தைக் கத்தியால சுரண்டினனான்."

பத்திநாதர் கதிரையில் விழுந்தார். "கோதாரி! அந்த எழுத்துக்காகத்தானே உதைக் கொண்டுவந்தனான்! அதிலதானே வருசம் கிடந்தது! கொம்பனி பிறந்த வருசம்!"

"அப்ப சொல்லியிருக்கலாமே. வெள்ளைக்காரனுக்குக் காட்டுற சாமான் எண்டுதானே சொன்னீங்கள். வீட்டுக்கு ஆள் வரேக்குள்ள பித்தளையைக் கரியோட காட்டுறதோ? என்னைப் பற்றி என்ன நினைப்பான்?"

"உன்னைப் பற்றி நினைக்க அவன் லண்டனிலயிருந்து வாறானோ? துலைஞ்சுது. எல்லாம் துலைஞ்சுது. இனி உது ஒரு சதத்துக்கும் உதவாது. குப்பையில போடு!"

"குப்பையில போடவோ நான் கை நோக நோக மினுக்கினனான்?"

பத்திநாதர் அந்தப் பாழாய்ப்போனதைக் கையில் எடுத்தார். யன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அரக்கு உரிந்த இடத்தில், பித்தளைக்குள்ளேயே உளியால் வெட்டிய சின்ன எழுத்துகள் தெரிந்தன. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தார். 'பெல்ஷா, செய்தவர்'.

பெல்ஷா! அந்தப் பெயர் அவருக்குத் தெரியும். அந்த ஊரிலேயே இன்னொரு கேஜ் கொம்பனி. விதர்டனின் பரம எதிரி. விதர்டனின் பழைய விலைப்பட்டியல்களில் 'பெல்ஷாவின் மலிவுச் சரக்கைக் கண்டு ஏமாறாதீர்கள்' என்று ஒரு வரி தவறாமல் இருக்கும்.

பத்திநாதருக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கியது. ஜோசையா விதர்டன் கேஜ் செய்யவே இல்லை! பெல்ஷாவிடம் வாங்கி, மேலே அரக்குப் பூசித் தன் பெயரை எழுதி விற்றிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள ஒருவன் இங்கிலாந்துச் சரித்திரம் படிக்க வேண்டியதில்லை. பெரியகடையில் வளர்ந்தால் போதும். பத்திநாதரின் தகப்பன் விற்ற குடைகளும் கொழும்பிலிருந்து பெயர் இல்லாமல்தான் வரும். குடைத் துணியில் கடைப் பெயர்த் துண்டைத் தைக்கிற வேலை அம்மாவுக்கு.

வரலாற்றுப் புத்தகம் போடப் போகிறவனுக்கு இது எப்படி இருக்கும்? பத்திநாதர் மனதுக்குள் சிரித்தார். இது வெறும் கேஜ் இல்லை. இது பிடி. இதைக் காட்டி, வாய் திறக்க மாட்டேன் என்று சொன்னால், கியூபெக் அவர் கையை விட்டுப் போகாது.

ஆனால் கை தேர்ந்த வியாபாரி பாருங்கள், முகத்தைச் சுளித்தபடியே அதை மேசையில் 'டங்' என்று வைத்தார். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பூசை முடிவதற்குள் பங்குக்கே தெரிந்துவிடும்.

"ஒண்டுக்கும் உதவாது," என்றார் இன்னொருமுறை, "சோத்தைப் போடு."

பெட்லி வந்தார். நெட்டையான ஆள். கடையைச் சுற்றிப் பார்த்தார். அலுமாரிகளைப் பாராட்டினார். போர்டைப் பார்த்து, "ஒம்வெரா பிரெஞ்சிலும் அழகாக இருக்கிறது" என்றார். பத்திநாதர் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார்.

வியாபாரம் பேச வந்த மனிதன் சாப்பாட்டில் இறங்கினால் என்ன செய்வது? பத்திநாதர் முகவர் பேச்சை எடுக்கும்போதெல்லாம் றோஸ்மேரி இன்னொரு கறியோடு வந்தாள். பெட்லி கணவாய்க் கறிக்கு மூன்றாம் தரம் சோறு போட்டார். அவள் வேலை செய்வது ஒரு குழந்தைகள் காப்பகத்தில். பிரெஞ்சு சரளம், இங்கிலீஷ் அளவாகத்தான். அந்த அளவான இங்கிலீஷில் அவருக்கு எத்தனை பிள்ளைகள், தாய் உயிரோடு இருக்கிறாரா, ஏன் இப்படி மெலிந்திருக்கிறார் என்று எல்லாம் விசாரித்து முடித்துக் கோப்பைகளோடு குசினிக்குள் போனாள். அப்போதுதான் பத்திநாதருக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது.

துவாயை விரித்தார். பித்தளை பளீரென்றது.

"அட, அழகு!" என்றார் பெட்லி.

"அழகை விடுங்கள். கீழே வாசியுங்கள்." பத்திநாதர் குரலைத் தாழ்த்தினார். "இதன் மேல் அரக்கில் உங்கள் ஜோசையாவின் பெயரும் 1882 என்ற வருடமும் இருந்தன. கழுவும்போது போய்விட்டன. போனதற்குக் கீழே இது. விளங்குகிறதா? உங்கள் ஆள் எதிரியின் சரக்கை வாங்கித் தன் பெயரில் விற்றிருக்கிறார். கொண்டாட்ட வருடத்தில் இது வெளியில் வந்தால் வடிவாக இராது. நான் உங்கள் பழைய ஆள். என் வாயிலிருந்து வராது. கியூபெக் விஷயத்தை மட்டும்..."

பெட்லி அவரைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். பிறகு மேசையில் ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். தண்ணீர்க் குவளைகள் குலுங்கின.

"பெல்ஷாவா? பெல்ஷாவையும் நாங்கள்தானே மார்ச்சில் வாங்கினோம்!"

பத்திநாதர் கையில் எடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

"லண்டனில் ஒவ்வொரு திங்களும் சண்டை. விதர்டன் பெயரை வைப்பதா, பெல்ஷா பெயரை வைப்பதா என்று இரண்டு மனேஜர்களும் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. இப்போது பாருங்கள், முதல் நாளிலிருந்தே இரண்டும் ஒன்றுதான்! இது புத்தகத்தின் அட்டைக்கே வரும். மிஸ்டர் பத்தி, நீங்கள் செய்தது என்ன என்று உங்களுக்கே தெரியாது!"

என்ன சென்மங்கள் இவர்கள்! வெட்கப்பட வேண்டிய இடத்தில் கொண்டாடுகிறார்கள். பத்திநாதர் பிடி என்று பிடித்தது கையில் மெழுகாக உருகியது. ஆனால் பெரியகடைப் புத்தி சும்மா இருக்குமா? மறு நொடி மற்றப் பக்கத்தால் யோசித்தது. இந்த மனிதனுக்கு இது வேண்டும். வேண்டும் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு முகத்தைச் சுளிக்க யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்படியானால் இது பெரிய சாமான்தான்," என்று பத்திநாதர் கேஜைத் தன் பக்கம் இழுத்தார். "ஆனால் இது விற்கிற சாமான் இல்லை. என் கடையோடு இருக்கிற சாமான். கடை இருந்தால் சாமானும் இருக்கும். கியூபெக் முகவர் பத்திநாதர் என்று ஒரு கடிதம் வரட்டும், சாமான் அன்றே லண்டனுக்குப் பறக்கும்."

"லண்டனைக் கேட்க வேண்டும்."

"கேளுங்கள். அவசரம் இல்லை."

பேரம் இறுகி வருகிற நல்ல நேரம். அப்போதா அது நடக்க வேண்டும்? தெருவில் மஞ்சள் விளக்கும் பெரிய சத்தமும். றோஸ்மேரி யன்னலால் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "இஞ்சாருங்கோ, இண்டைக்குத் தெருக் கூட்டுற நாளெல்லோ! அந்த மனிசன்ர கார் இந்தப் பக்கத்திலதான் நிக்குது. இழுத்துக்கொண்டு போகப் போறாங்கள்!"

பெட்லியின் வாடகைக் கார். இந்த ஊரில் தெருக் கூட்டும் நாளில் எந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது என்று அங்கேயே கிடக்கிறவர்களுக்கே குழம்பும். லண்டன்காரனுக்கு என்ன தெரியும்? அவரிடம் கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு பத்திநாதர் படியால் ஓடினார். காரை எடுத்து, வலம் சுற்றி, இடம் சுற்றி, எங்கும் இடம் கிடைக்காமல், கடைசியில் பாலும் பாணும் விற்கும் ஒரு டெப்பனர் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். பெட்லி கையில் ஒரு பையோடு வாசலில் நின்றார். விமானத்துக்கு நேரமாகிவிட்டதாம். முன் பின் இல்லாத பாசத்தோடு பத்திநாதரைக் கட்டிப் பிடித்தார்.

"உங்கள் குடும்பத்தின் பெருந்தன்மையை மறக்க மாட்டேன்," என்றார்.

சாப்பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்துப் பத்திநாதரும் திறப்பைக் கொடுத்து, கார் நிற்கும் இடத்தைச் சொல்லி, கை அசைத்து வழியனுப்பினார். மேலே வந்தார். மேசையில் துவாய் மட்டும் கிடந்தது.

"றோஸ்! எங்கை அது?"

"எது?"

"கேஜ்!"

"அதையோ? அந்த மனிசனிட்டைக் குடுத்தனான். வழியில சாப்பிட ரோல்ஸ் வைச்ச பைக்குள்ளயே பத்திரமா வைச்சு விட்டனான்."

பத்திநாதர் நம்பாமல் துவாயைத் தூக்கி உதறிப் பார்த்தார்.

"என்ன முழுசுறீங்கள்? நீங்கள் கீழ போன உடன அந்தாள் அதைக் கையில வைச்சுத் தடவித் தடவிப் பாத்துக்கொண்டு நிண்டுது. வடிவு, வடிவு எண்டு மூண்டு தரம் சொல்லிப்போட்டுது. வீட்டுக்கு வந்த மனிசன் ஒரு சாமானை அப்பிடிச் சொன்னால் குடுக்காமல் விடுறதோ? வெறுங்கையோட அனுப்புறதோ?"

"அதை வைச்சுத்தானே நான் பேரம் பேசினனான்! கடையே அதிலதானே நிண்டது!"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தானே ஒரு சதத்துக்கும் உதவாது, குப்பையில போடு எண்டு கத்தினீங்கள். ஒருக்கா இல்லை, ரெண்டு தரம் சொன்னீங்கள். குப்பையில போடுறதை ஆருக்கும் குடுத்தால் என்ன?"

சுளித்த முகம் சுளித்தபடியே பத்திநாதர் குந்தியிருந்தார். அந்தச் சுளிப்பு மட்டும் அன்றைக்கு நடிப்பு இல்லை.

கடிதம் வருமென்று கோடை முழுக்கக் காத்திருந்தார். லண்டனுக்கு எடுத்தால் பெட்லி கூட்டத்தில். மறுபடி எடுத்தால் விடுமுறையில். செப்டம்பரில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே வழவழவென்று ஒரு புத்தகம். அட்டையில் அவருடைய கேஜ், சூரியன் உதித்ததுபோல. உள்ளே ஜோசையா விதர்டன் 'தொலைநோக்குள்ள பங்காளி' ஆகியிருந்தார். பெல்ஷாவை அவர் ஏமாற்றவில்லையாம், 'உலகச் சந்தைக்கு அறிமுகப்படுத்தினாராம்'. கடைசிப் பக்கத்தில் 'மொன்றியல் நண்பர் ஒருவருக்கு நன்றி'. பெயர் இல்லை.

புத்தகத்துக்குள் ஒரு தாள். அன்புள்ள பங்காளருக்கு, அடுத்த மாதத்திலிருந்து கனடா முழுவதும் ரொறன்ரோவிலிருந்து கவனிக்கப்படும். இதுவரையான ஒத்துழைப்புக்கு நன்றி. கொம்பனியின் பெயர் இனி 'விதர்டன்-பெல்ஷா' என்பதையும் மகிழ்ச்சியோடு அறியத் தருகிறோம்.

"ஒரே உறைக்குள்ள!" பத்திநாதர் தாளைக் காற்றில் ஆட்டினார். "ஒரே உறைக்குள்ள நன்றியும் வைச்சு, கழுத்தறுப்பும் வைச்சு! முத்திரைக் காசு மிச்சம் பிடிக்கிறாங்கள்! இனிப் போர்டு மாத்துற வேலையும் இல்லை, போர்டே இல்லை!"

றோஸ்மேரி அட்டையை விரலால் தடவினாள். "படம் நல்லா வந்திருக்கு. புளி போட்டபடியால்தான் இவ்வளவு எடுப்பு."

"றோஸ், தயவு செய்து கொஞ்ச நேரம் கதையாதை."

அவள் அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணி வைத்தாள். அவருக்குப் பக்கத்தில் இருந்து, தாளை வாங்கி ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மன்னியுங்கோ," என்றாள் மெதுவாக, "ஆனால் எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்." அது அவரை லண்டனைவிடக் கூடக் குத்தியது.

மறுநாள் கடையில் ரெலிபோன் அடித்தது. பத்திநாதர் மூச்சு வாங்கினார். எந்தப் பெயரைச் சொல்வது? சொல்ல ஒன்றும் இல்லை. "போன்ஜூர்" என்றுவிட்டுச் சும்மா நின்றார்.

"மொன்சியூர் பத்தி?" அந்தப் பக்கம் மேப்பிள் தோட்டக்காரன், பிரெஞ்சில் பொரிந்தான். "என்ன, பேசத் தெரியாதா? உன் கேஜ் ஒன்றின் கண்ணாடி உடைந்துவிட்டது. என் மருமகன், அந்தக் கழுதை, ஏணியால் இடித்துவிட்டான். இன்னும் ரெண்டு அனுப்பு. உன்னுடையதாகவே இருக்கட்டும். மற்றவன் சாமான் வேண்டாம்."

"யாருடையது?"

"உன்னுடையது ஐயா! வேறு யாருடையது?"

பத்திநாதர் ரெலிபோனை வைத்தார். இத்தனை வருடம், இத்தனை போர்டு. அந்த மனிதன் விதர்டன் என்றோ ஒம்வெரா என்றோ ஒருநாளும் சொன்னதில்லை என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேசைக் கண்ணாடியைத் தூக்கி அந்தக் கிழிந்த உறையை எடுத்தார். இங்கே காலை, அங்கே பின்னேரம். நம்பரை அழுத்தினார்.

"வணக்கமுங்க, நாச்சிமுத்து பேசறனுங்க."

"வணக்கம் தம்பி. நான் கனடாவில இருந்து கதைக்கிறன். நீங்கள் இங்கிலாந்துக்காரருக்குக் கேஜ் செய்யிறனீங்களோ?"

"சிலோனுங்களாண்ணா? பேச்சு நல்லா இருக்குதுங்க. ஆமாங்க, நாங்கதான் பண்றோம். அவங்களப் பத்தி மட்டும் கேக்காதீங்க!" அந்தக் குரலில் இருந்த அலுப்பைக் கேட்டதும் பத்திநாதருக்குச் சொந்தக்காரனைக் கண்டதுபோல இருந்தது. "டயலு அடிச்சு அடுக்கி வெச்சா உடனே பேர மாத்திடறாங்க. குடோன்ல பழைய பேரு போட்ட டயலு மலையாட்டம் கெடக்குதுங்க. இப்ப புதுசா என்னமோ ரெண்டு பேர ஒண்ணாச் சேத்துப் போடச் சொல்லி மெயில் வந்திருக்குது."

"அப்ப எனக்கும் கொஞ்சம் செய்து தருவியளோ?"

"ஆயிரத்துக்குக் கொறஞ்சு பண்றதில்லீங்களே."

"ஆயிரம் கேஜ் பூட்ட நானென்ன கப்பலே கட்டப் போறன்? ஐம்பது போதும்."

"ஐம்பதுக்கு டயலு அச்சடிக்கவே கட்டாதுங்கண்ணா."

பத்திநாதரின் முகம் தானாகவே சுளித்தது. ரெலிபோனில் தெரியாது என்றாலும் பழக்கம் விடுமா? "அந்தக் குடோனில கிடக்கிற பழசை என்ன செய்யப் போறியள்?"

"எடைக்குத்தானுங்க போடணும்."

"ஒண்டுக்கும் உதவாத சாமான்..."

"ஆமாங்க."

"அதுக்கு மேல கறுப்பைப் பூசி, என்ர பேரை அடிச்சால்?"



"அடிக்கலாமுங்களே," என்றார் நாச்சிமுத்து. பிறகு சிரித்தார். "அடிச்சுரலாமுங்க! பேரு சொல்லுங்க. எந்த வருஷத்துல இருந்துன்னும் சொல்லுங்கண்ணா. அது இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்."

"பத்திநாதர்," என்றார். வருடத்துக்கு ஒரு கணம் யோசித்தார். இந்த வருடத்தைப் போட்டால் சனம் புதுக்கடை என்று நினைக்கும். "ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தி நாலு."

அன்று வீட்டுக்குப் போய் நடந்த எல்லாவற்றையும், ஒன்றையும் ஒளிக்காமல், றோஸ்மேரிக்குச் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "முப்பத்தி நாலு உங்கட அப்பா கடை திறந்த வருசமெல்லோ? அது குடைக் கடை!" என்றாள்.

"ஜோசையாவின்ர கடையில மட்டும் என்ன கிடந்தது?"

நவம்பரில், முதல் பனி கொட்டிய அன்று, மாதிரிப் பெட்டி வந்தது. குசினி மேசையில் வைத்தே பிரித்தார்கள். சுற்றிவர வழக்கமான தமிழ்ப் பத்திரிகை. றோஸ்மேரி அதை எடுத்து முதலில் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைத் தேடினாள். கேஜ் பளபளத்தது. கறுப்பு டயலில் தங்க எழுத்து: 'பத்திநாதர், 1934'. அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். பிடித்துப்போனது. இந்தமுறை முகத்தைச் சுளிக்கவில்லை.

"வடிவாயிருக்கு," என்றாள் றோஸ்மேரி. கண்ணாடியில் அவருடைய விரல் அடையாளம். துடைக்கத் துணி தேடி எழுந்து, புளிப் போத்தல் இருக்கும் அடுப்படித் தட்டுப் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"றோஸ்!" பத்திநாதர் கேஜை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "சொல்லிப்போட்டன், புளியோட மட்டும் கிட்ட வராதை. உள்ளுக்கை விதர்டன் கிடக்கிறான்!"